அடுப்பங்கரை மேடை

மேடை என்றவுடன் கடற்கரைப் பொதுக்கூட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது எங்கள் சாந்தோம் வீட்டுச் சமையலறை மேடையைப் பற்றி. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பாட்டி காலத்தில் மேடையே கிடையாது. தரையில் மண் அடுப்பு. எதிரே ஒரு மணை. குனிந்து ஊதி ஊதியே பாட்டியின் முதுகு வளைந்தது. 1965-ல் கல்கத்தாவில் 'இண்டேன்' எரிவாயு விற்பனைக்கு வந்து, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. சிலிண்டர் தரையில் நிற்க, அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியின் புண்ணியத்தால் எங்கள் வீட்டில் அம்மா எழுந்து நின்று சமைத்தாள்.

அம்மாவின் மேடை கடப்பைக் கல். மலிவு, உறுதி. ஆனால் அது சுண்ணாம்புக் கல் ஜாதி. புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். ஆகவே அப்பா அதன்மேல் வெள்ளை டைல் பதித்தார்.

வெள்ளை டைலுக்குப் பெரிய வம்சாவளி உண்டு. நோய்க்குக் காரணம் கிருமி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்ட்டர் போன்றவர்கள் நிலைநாட்டிய பிறகு, அழுக்கை ஒளிக்காத வெள்ளைக்கு மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் மவுசு பிறந்தது. 1900-ல் ஓடத் தொடங்கிய பாரிஸ் சுரங்க ரயிலின் நிலையங்களில், வெளிச்சத்துக்காக அதையே பதித்தார்கள். நம் நாட்டில் 1958-ல் ஜான்சன் கம்பெனி ஆரம்பமாயிற்று. ஆஸ்பத்திரிச் சுவர் மெல்ல மெல்ல நம் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது.

சென்ற மாதம் மேடையைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தது. நான் டைல் கட்சி. "கொதிக்கிற குக்கரை அப்படியே இறக்கி வைக்கலாம். புளி தின்னாது. ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். செலவும் குறைச்சல்" என்று அடுக்கினேன்.

என் மனைவி பதில் பேசவில்லை. ஒரு பழைய பல் பிரஷை என் கையில் கொடுத்து, "இடுக்கை மட்டும் தேய்த்துக் கொடுங்கள், போதும்" என்றாள்.

தேய்த்தேன். டைலைப் புளி தின்னாதுதான். நடுவிலிருக்கும் சிமெண்டைத் தின்றிருந்தது. அந்தப் பள்ளங்களில் மஞ்சளும் எண்ணெயும் குடியேறியிருந்தன. தேங்காய் உடைத்த மூலையில் இரண்டு டைல் விரிசல். அதே நிறம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு முழம்கூட முடியவில்லை. என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பண்டிகைக்கு முந்தின இரவுகளில் அம்மா இதே இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கூடத்தில் உட்கார்ந்தபடி, "டைல் எப்படிப் பளபளக்கிறது, பார்!" என்று அப்பா வந்தவர்களிடம் பெருமையடிப்பார். அந்தப் பளபளப்பு டைலினுடையது என்றே நானும் இத்தனை வருஷம் எண்ணியிருந்தேன்.

தீர்ப்பு இதுதான்: டைல் சுவரில் இருக்கட்டும்; தாளிக்கும்போது தெறிப்பதைத் தாங்க அதைவிட நல்லது இல்லை. மேடைக்கு இடுக்கில்லாத ஒரே பலகையாகக் கறுப்பு கிரானைட். பணம் கூடுதல்தான். ஆனால் டைலில் நாம் மிச்சம் பிடித்த காசை, தினம் தினம் தேய்த்தவள் அல்லவா கட்டிக்கொண்டிருந்தாள்?

கொத்தனார் மேடைக்கு உயரம் எவ்வளவு என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, மனைவியைக் கூப்பிட்டேன்.