தேட்கடுப்பும் தேறற்சுவையும்

நாவிற்கு இயல்பாகவே இனிப்பன சில. பழகிய பின்னரே இனிப்பன சில. தேனும் கருப்பஞ்சாறும் முன்னையவற்றைச் சாரும். கைப்பும் புளிப்பும் எரிவும் உடையன பின்னையவற்றைச் சாரும். கைப்பு நாவிற்பட்ட அளவிலே குழந்தை முகஞ்சுளித்து உமிழ்தலை யாவரும் அறிவர். கூலத்தை முளைகட்டிப் புளிக்கவைத்து ஆக்கும் பீர் என்னும் கள் இவ்விரண்டாம் வகையினது. அதனை முதன்முறை பருகுவார் பெரும்பாலும் விரும்புவதில்லை. பருகிப் பழகியவரோ அக்கைப்பினையே அதன் சிறப்பாக எடுத்துரைப்பர். இம்மாற்றம் தனியொருவர் நாவில் நிகழ்வதுபோலத் தோன்றினும், அவரைச் சூழ்ந்த சமுதாயம் கற்பிக்கும் பாடமாகவே அது அமைகின்றது. எதனை இனிதென்று கொள்வது, எதனோடு உண்பது, யாரோடு உண்பது, எச்சொல்லாற் புகழ்வது என்பன அப்பாடத்தின் பகுதிகள்.

இப்பாடத்தைப் பண்டைத் தமிழர் கற்றமைக்குச் சங்க நூல்களிற் சான்றுண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா. கள்ளைப் பற்றிய பேச்சு எழுமிடத்து அதன் வகைகளைத் தொகுத்தெண்ணுதலோ, அறநூல் நெறிநின்று அதனைக் கடிதலோ எளிதில் நிகழ்வன. இரண்டினும் சுவை மறைந்துவிடுகின்றது. ஆனால், தேறலைப் புகழ வந்த புலவர் ஒருவர் அதனைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிடுகின்றார். தோப்பியைச் சொல்லவந்த மற்றொருவர் பாம்பு கடித்ததற்கு ஒப்பிடுகின்றார். துன்பத்தைத் தரும் ஒன்று இன்பத்தைத் தருவதற்கு எங்ஙனம் உவமையாயிற்று? சுவை பழகிய வரலாற்றை அறிந்தாலன்றி இவ்வுவமைகளின் பொருள் விளங்காது என்பது நம் கருத்து.

தோப்பி அட்ட முறை

தோப்பி என்பது நெல்லாற் சமைத்த கள் என்று உரையாசிரியர் கொள்வர். இக்காலத்துச் சொல்லின், அஃது அரிசியால் ஆகிய பீர் எனலாம். அரிசியிற் கள் ஆக்கும் முறையினைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்து நிரல்பட உரைக்கின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டிலே பரப்பி உலர ஆற்றுவர். அதனொடு நல்லடையைச் சேர்த்துப் பிசைவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயினையுடைய சாடியில் முற்ற விளைவிப்பர். பின்னர் வெந்நீர் வார்த்து அரித்து, விரலால் அலைத்துப் பிழிவர். அவ்வாறு பிழிந்ததனைச் சுட்ட புதுமீனோடு வழிநடந்து தளர்ந்த பாணர்க்கு அளிப்பர்.

இப்பகுதி வெறும் வருணனையன்று. ஒரு தொழிலின் குறிப்பேடு எனத் தக்கது. பனையின் பாளையில் வடியும் நீர் இயல்பாகவே இனிப்புடையது. கலத்தில் இருந்த சில பொழுதிலே தானே புளித்துக் கள்ளாகும். அரிசியோ அத்தகையதன்று. அதன் மாப்பொருள் முதலில் இனிப்பாக மாறவேண்டும். அவ்வினிப்பு அதன் பின்னரே வெறியூட்டும் பொருளாக மாறும். முதன் மாற்றத்தைச் செய்தற்கு உலகில் வழங்கும் வழிகளுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. முளைத்த கூலத்தை இடித்துச் சேர்ப்பது ஒன்று. பூஞ்சை படர்ந்த மாவடையைச் சேர்ப்பது மற்றொன்று. நல்லடை என்பதனை நெல்முளையாகக் கொள்ளின் அது முதல்வழியாகும். புலவரோ நல்லடையின் புறத்தோற்றத்திற்குப் புற்றினுள் இருக்கும் குரும்பியை உவமை கூறுகின்றார். கறையான் ஆக்கும் குரும்பி துளைகள் நிறைந்து, வெண்பூஞ்சை படர்ந்து தோன்றுவது. சந்தால் மக்கள் ஹண்டியா என்னும் அரிசிக்கள்ளை ஆக்குதற்குச் சேர்க்கும் ராணு என்னும் மாவடையை நோக்குவார், இரண்டாம் வழிக்கும் இவ்வுவமை இடந்தருதலை மறுக்கமாட்டார். எவ்வழியாயினும், இது தற்செயலாற் கிடைத்த பானமன்று. கைப்பழக்கமும் காலக்கணக்கும் அறிந்தோர் ஆக்கிய பானம்.

இப்பகுதியில் நம் கருத்தை ஈர்க்கும் சொல் ‘வழைச்சு’ என்பது. இளமை, புதுமை என்னும் பொருளுடைய அச்சொல்லால், கள்ளின் முற்றாத நிலை குறிக்கப்படுகின்றது. வழைச்சு நீங்க விளைந்ததே நற்கள் எனப் புலவர் கூறுதலின், அதனை ஆக்கியோரும் உண்டோரும் முற்றியதற்கும் முற்றாததற்கும் உள்ள வேறுபாட்டை நாவினாற் பிரித்தறிந்தனர் என்பது புலனாகும். வேறுபாட்டை உணர்தலே சுவைக்கல்வியின் முதற்படி. அதற்கெனத் தனிச்சொல் வழங்கியமை, அக்கல்வி ஒருவர் இருவரளவில் நில்லாது பலர்க்கும் பொதுவாயிருந்தமையைக் காட்டும்.

பெயர்கள் உணர்த்துவன

கள்ளைக் குறிக்கும் பழம்பெயர்களை நோக்குவோம். அரியல், பிழி என்பன தொழிலால் வந்த பெயர்கள். அரித்தலும் பிழிதலும் அவற்றிற்கு அடிப்படை. தேறல் என்பது தெளிந்தமை பற்றி வந்த பெயர். நறவு என்பது நறுமையோடு இயைபுடையது. நறவு, தேறல், மட்டு, வேரி ஆகிய நான்கும் தேனுக்கும் கள்ளுக்கும் பொதுவாக வழங்குதல் நினைவிற் கொள்ளத்தக்கது. பழகாத நாவும் விரும்புவது தேன். தேனின் பெயரே கள்ளின் பெயராகவும் நிற்றலின், தெரிந்த இனிமையினின்று தெரியாத சுவைக்கு மொழி ஒரு பாலம் அமைத்ததெனக் கொள்ளலாம்.

ஆயினும், பெயரளவில் நின்ற இவ்வினிமை அடைமொழிகளில் நிற்கவில்லை. புறநானூற்று 24-ஆம் பாடலில் மாங்குடி கிழார், பரதவர் உண்ட மட்டினை வெப்புடையதென்கின்றார். அப்பரதவர் அதனை உண்டு குரவை ஆடுகின்றனர். பெயர் தேனைச் சுட்ட, அடைமொழி தீயைச் சுட்டுகின்றது. நாவு இனிமையைக் கடந்து வெம்மையை விரும்பக் கற்ற நிலை ஈண்டுத் தெரிகின்றது.

கடுப்பு என்னும் சுவை

புறநானூற்று 392-ஆம் பாடலில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியின் கொடையைப் பாடுகின்றார். விடியற்காலத்தில் வாயிலில் நின்று பாடிய இரவலனது கிழிந்த உடையை நீக்கிப் புத்துடை உடுத்தி, பலநாள் இருந்து முதிர்ந்த தேறலைக் கோள்மீன் போன்ற பொற்கலத்தில் அவன் அளித்தான். அத்தேறலுக்கே தேள் கொட்டும் கடுப்பு உவமையாயிற்று. அகநானூற்று 348-ஆம் பாடலில், மாங்கனிச்சாறும் பலாச்சுளையும் தேனும் கூட்டி மூங்கிற் குழாயில் முதிரவைத்த தோப்பிக்குப் பாம்பின் கடுப்பு உவமையாகின்றது. தோப்பி என்னும் பெயர் நெற்கள்ளின் எல்லை கடந்து பிறவற்றிற்கும் சென்றமையை இப்பாடலால் அறிகின்றோம்.

இவ்வுவமைகள் வெறியின் விரைவையே குறித்தன, சுவையையன்று எனக் கூறுவாரும் உளராகலாம். நஞ்சு தலைக்கேறுவதுபோல வெறியும் ஏறும் என்பது அவர் கருத்தாகும். புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாடலளவில் நின்றுவிட்டமையால், 392-ஆம் பாடலுக்கு அவ்வுரையின் துணை நமக்கில்லை. சொல்லையே நோக்கித் துணியவேண்டும். ‘கடுப்ப’ என்பது உவமவுருபாகவும் வழங்கும். ஆனால் இவ்விரு பாடல்களிலும் ‘அன்ன’ என்னும் உருபு வேறாக நிற்றலின், ‘கடுப்பு’ என்பது உவமவுருபன்று. உடல் உணரும் எரிவையும் குத்தலையும் குறிக்கும் பெயர்ச்சொல்லேயாம். தேள் கொட்டின் முதலில் உணரப்படுவது மயக்கமன்று, கொட்டிய இடத்தின் சுரீரென்ற வலியே. வெறியை மட்டும் கருதியிருப்பின் தேள் பொருந்திய உவமையாகாது. ஆகவே, தேறல் நாவிலும் தொண்டையிலும் பட்டபொழுது எழுந்த உணர்ச்சியே முதற்கண் கருதப்பட்டது எனல் பொருந்தும். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வெகுண்ட பாம்பைத் தேறலுக்கு உவமை கூறுமிடத்து, விளைந்த கள் நுரைத்துச் சீறும் ஓசையும் உடன்கருதப்பட்டதெனக் கொள்ளவும் இடமுண்டு.

பொற்கலத்தில் வைத்து, புத்துடையோடு அளித்த ஒன்றைப் புலவர் குறைகூறுதல் இயலாது. கடுப்பு என்பது அந்நாளைய அவையில் பாராட்டுச் சொல்லாகவே வழங்கியிருத்தல் வேண்டும். மிளகாய் நம் நாட்டிற்குப் போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. கண்ணீர் வரச்செய்யும் அதன் எரிவை இன்று நாம் ‘நல்ல காரம்’ என்று புகழ்கின்றோம். நாவை வருத்துவதனை நாவின் விருந்தாக ஏற்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று.

பழக்கிய சூழல்

கடுஞ்சுவை தனியே கற்பிக்கப்படுவதன்று. துணைப்பொருளும் துணைவரும் வேண்டும். வலைஞர் சுட்ட மீனோடு பிழியைத் தந்தமையை முன்னர்க் கண்டோம். புறநானூற்று 177-ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார், கள்ளுண்டு கண்சிவந்த ஆடவர் புளிச்சுவையை வேட்டுக் களாவும் துடரியும் உண்பதையும், அவை தெவிட்டியபின் ஆற்றுமணல் மேட்டில் ஏறி நாவற்கனி கொய்து உண்பதையும் காட்டுகின்றார். ஒரு சுவை மற்றொரு சுவையைத் தேடச்செய்யும் நுட்பம் இது.

முதிரவைக்கும் இடமும் பலவாயிற்று. மூங்கிற் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் கூறும். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் நிலத்திற் புதைத்து முதிர்வித்த தேறலைப் புறநானூற்று 120-ஆம் பாடலிற் குறிக்கின்றார். இனி, அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய 235-ஆம் பாடல், சிறிதளவு கள் கிடைப்பின் அதனைத் தமக்கே தந்தான் என்றும், மிகுதியாகக் கிடைப்பின் தாம் உண்டு பாட எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்டான் என்றும் இரங்குகின்றது. கலத்தைப் பகிர்ந்த கையே சுவையையும் கற்பித்தது.

இதனோடு யவனர் தேறலை ஒப்புநோக்கல் வேண்டும். புறநானூற்று 56-ஆம் பாடலில் நக்கீரனார், யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த தேறலைத் தண்மையும் மணமும் உடையதாகப் பாடுகின்றார். பொற்கலத்தில் ஏந்தி மகளிர் அதனை ஊட்டுகின்றனர். அரிக்கமேட்டில் 1945-இல் நிகழ்ந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தமை இவ்வணிகத்திற்குச் சான்று. கடல்கடந்து வந்த மதுவிற்குத் தண்மையும் மணமும். உள்நாட்டிற் பலநாள் முதிர்ந்த தேறலுக்குக் கடுப்பு. இருவகைப் பானத்தையும் ஒரே அடைமொழியால் மூடிவிடாமல் வேறுவேறு சொற்களாற் புகழ்ந்த மக்கள், சுவையில் தேர்ந்த மக்களேயாவர்.

ஆங்கில நாட்டு ஒப்புமை

இத்தகைய கல்வி ஆண்டுக்கணக்கோடு பதிவாகியுள்ள நாடு ஒன்றை ஒப்பிட்டால் நம் கருத்து வலியுறும். பீருக்கு இன்று கைப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. ஆங்கில நாட்டார் பண்டு பருகிய ஏல் என்னும் வாற்கோதுமைக் கள்ளில் அப்பூ சேர்க்கப்படவில்லை. ஹாப்ஸ் சேர்த்த பீர் அண்டையிலுள்ள தாழ்நிலப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டையொட்டி அங்குப் புகுந்தது. 1542-இல் ஆண்ட்ரூ பூர்ட் என்னும் மருத்துவர், ஏலே ஆங்கிலேயர்க்கு இயல்பான பானம் என்றும், பீர் டச்சுக்காரர்க்கு உரியது என்றும் எழுதினார். 1574-இலோ ஹாப்ஸ் பயிரிடும் முறையை ஆங்கிலேயர்க்குக் கற்பிக்க ரெஜினால்ட் ஸ்காட் ஒரு நூலே வெளியிட்டார். ஹாப்ஸ் பீரை நெடுநாள் கெடாமற் காத்தது. அப்பயனோடு கைப்பும் உடன்வந்தது. காலப்போக்கில் அக்கைப்பே விரும்பப்பட்டு, ‘கைப்பு’ எனப் பொருள்படும் ‘பிட்டர்’ என்பது பீர்வகை ஒன்றன் பெயராயிற்று. அங்குக் கைப்பு பெற்ற மதிப்பை இங்குத் தேட்கடுப்பு பெற்றது. ஒரு பயன் கருதிச் செய்த தொழிலின் விளைவு, பழக்கத்தாற் சுவையாக உயர்ந்தமை இரண்டிற்கும் பொது.

பழக்கத்தின் மறுபுறம்

சான்றோர் இக்கல்வியின் மறுபுறத்தையும் மறைக்கவில்லை. பாம்பின் கடுப்பை உவமித்த அதே அகநானூற்றுப் பாடலில், தோப்பியை மலைக்கடவுட்குப் படைத்து, மகளிர் ஊட்ட உண்ட குறவர் தினைப்புனக் காவலை மறக்கின்றனர். யானை தினையைக் கவர்ந்துகொள்கின்றது. பின்னர் இளையரும் முதியரும் சுற்றத்தோடு கூடி வில்லைத் தேடித் திரிகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் மறவர் பகைவர் நிலத்திற் கவர்ந்த ஆநிரையை நறவிற்கு விலையாகத் தொலைக்கின்றனர். இனிமை எத்துணை விலையில் வந்தது என்பதைப் பாடல்களே கணக்கிட்டு வைத்துள்ளன.

திருவள்ளுவர் 93-ஆம் அதிகாரத்திற் கள்ளுண்ணாமையை வற்புறுத்தினார். அவரே 1145-ஆம் குறளில், களிக்குந்தோறும் கள்ளுண்ணும் வேட்கை மிகுதலை, அலர் எழுந்தோறும் காமம் இனிதாதற்கு உவமையாக்கினார். உண்ண உண்ணவே உண்ணும் விருப்பம் வளரும் என்னும் உண்மையை அவர் நன்கறிந்திருந்தார். ஔவையார் கடுப்பைப் புகழ்ந்ததற்கும் வள்ளுவர் கள்ளைக் கடிந்ததற்கும் அடிப்படை ஒன்றே. இச்சுவை பிறப்பால் வருவதன்று, பழக்கத்தால் வளர்வது. பழக்கத்தால் வளர்வதாகலின் போற்றவும் கூடும், விலக்கவும் கூடும். புகழ்ச்சியை அறியாமை என்று தள்ளுவாரும், கண்டனத்தைச் சுவையறியாமை என்று தள்ளுவாரும் இவ்வடிப்படையைக் காணாதவராவர்.

தோப்பி இன்று நம் பேச்சில் இல்லை, வழைச்சும் இல்லை. நாவிலிருந்து ஒரு சுவை நீங்கியபின், அதற்குரிய சொல் உரைகாரர் தரும் பொருளளவிலே எஞ்சுகின்றது. அப்பொருளை மட்டும் கொண்டு படிப்பார்க்குத் தேட்கடுப்பு ஒரு விந்தையான உவமையாகவே தோன்றும். சங்க நூல்களில் உள்ள சுவைச்சொற்களைத் தொகுத்து, அவ்வவற்றிற்குரிய தொழிலோடும் உணவோடும் சேர்த்து ஆராய்வது செய்யுளின் பொருளுக்கும் மக்கள் வாழ்வின் வரலாற்றுக்கும் ஒருங்கே துணைபுரியும். கள்ளைப் பற்றி மட்டுமன்றி, புளிங்கூழ், ஊன்சோறு, மீன்சூடு முதலியவற்றைப் பற்றியும் இம்முறையில் ஆய்வு நிகழ்த்துதற்கு இடம் பெரிதும் உள்ளது.