கண் செவிலியர் பயிற்சி (மதுரை)

பள்ளிப்படிப்பை முடித்த கிராமப்புறப் பெண்கள், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூத்த செவிலியருடன் வேலைசெய்தே நோயாளியைப் பேணக் கற்றுக்கொள்ளும் இரண்டாண்டுப் பயிற்சி. அலுவல் ஏடுகளில் இவர்கள் இடைநிலைக் கண் மருத்துவப் பணியாளர்கள். நோயாளிகளுக்கு ‘சிஸ்டர்’. செய்வது செவிலியர் பணியே ஆதலால் இக்கட்டுரை அவ்வாறே குறிக்கிறது.

வார்டுப் பொறுப்பாளரிடம் மாணவியை ஒப்படைத்துப் பழக்கும் முறையை, 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி நிலைநிறுத்தியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் திறந்தார். 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. இதற்கிடையே 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் சட்டம் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. தேர்வும் சான்றிதழும் வலுப்பெற்றன. மூத்தவரின் கைப்பழக்கத்தைப் பார்த்துக் கற்பதற்கு இருந்த மதிப்பு குறைந்தது. அந்த மதிப்பை மதுரை மீட்டெடுத்தது.

மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராயிருந்த கோ. வெங்கடசாமி, 1976இல் ஓய்வுபெற்றதும் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பழக்கும் பொறுப்பை அவருடைய தங்கை மருத்துவர் கோ. நாச்சியார் ஏற்றார். மதிப்பெண்ணைவிடக் குணத்துக்கும் குடும்பச் சூழலுக்கும் முதலிடம் தந்தது அவர் வகுத்த முறையின் சிறப்பு.

முதல் சில மாதங்கள் கண்ணின் அமைப்பு முதலிய அடிப்படைப் பாடங்கள். பின்னர் புறநோயாளர் பிரிவு, வார்டு, அறுவை அரங்கு, ஆலோசனை எனப் பிரிந்து மூத்தவர்களுடன் வேலை. அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள்: ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராக வேண்டும். இந்த வேகத்தில் கனிவு தேய்ந்துவிடக் கூடாது என்பதே மூத்தவர் கற்றுத்தரும் முதன்மைப் பாடம். கண்புரை அறுவையில் பெரும்பாலும் கண் மட்டுமே மரத்திருக்கும். நோயாளி விழித்திருப்பார், பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். எழுமலை, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் உழைத்த முதியவர் ஒருவர் முகம் மூடப்பட்டுக் கிடக்கையில், “அசையாமப் படுங்கய்யா, பக்கத்துலதான் இருக்கேன்” என்ற குரல் எவ்வளவு தேவை என்பதை வகுப்பறை முழுமையாக உணர்த்தாது. எந்த நேரத்தில் பேசுவது, எப்போது கையைப் பற்றுவது, சொட்டு மருந்து எரியும் என்பதை எவ்வளவு முன்னதாகச் சொல்வது என்பனவெல்லாம் அக்காமாரைப் பார்த்துப் படிந்தவை. கிராம முகாம்களிலிருந்து பேருந்தில் வருபவரைப் படியிறக்கி, மங்கிய பார்வைக்கு வழிசொல்லி அழைத்துச் செல்வதும் அப்படித்தான். பயிற்சி முடித்தவர் சில ஆண்டுகளில் தாமே புதியவர்களைப் பழக்குகிறார்.

தேனி (1985), திருநெல்வேலி (1988), கோவை (1997), புதுச்சேரி (2003) முதலிய கிளைகளிலும் இப்பயிற்சி பெற்றோர் பணிபுரிகின்றனர்.