கரண்ட் போகும் நேரத்தில் ஆல்மா: பெரம்பலூரில் ‘ஃபியர் 2’ ஆடிய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குக் கொஞ்சம் வேற மாதிரி வரலாறு. பெரம்பலூர், அரியலூர்னு தலைப்புல பார்த்ததும் கங்கைகொண்ட சோழபுரமோ ரஞ்சன்குடி கோட்டையோ வரும்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் இன்னொரு நாள். இன்னைக்கு ஒரு பேய் விளையாட்டு. அதுவும் முதல் பாகம் இல்ல, இரண்டாம் பாகம்.

2025 பிப்ரவரி கடைசியில வார்னர் பிரதர்ஸ் தன்னுடைய மூன்று கேம் ஸ்டூடியோக்களை மூடியது. அதில் ஒன்று மோனோலித். 1994-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாந்து என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம். செய்தியைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது கிர்க்லாந்து இல்ல, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே வச்சுத்தான் மோனோலித்தின் ‘ஃபியர் 2: ப்ராஜெக்ட் ஆரிஜின்’ ஆட ஆரம்பிச்சேன். அதை முடிக்க மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட்.

தெரியாதவங்களுக்காக: ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என்றால் ஹீரோவின் கண் வழியாகவே உலகத்தைப் பார்த்து ஆடுற சுடும் விளையாட்டு. திரையில் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ இந்த வகையை உலகம் பூரா பரப்பியது. அதில் பேய்க்கதையைக் கலக்கிறது மோனோலித்துக்குப் பழகின வேலை. 1997-ல் ‘பிளட்’, 2001-ல் ‘ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர் 2’, பிறகு 2005 அக்டோபரில் கம்ப்யூட்டருக்கு ‘ஃபியர்’. ஜப்பானியப் பேய்ப் படங்களின் சாயல் அதில் வெளிப்படையாக இருந்தது. சிவப்பு கவுன் போட்ட, முடி முகத்தில் விழுந்த ஒரு சின்னப் பெண். பேர் ஆல்மா.

இரண்டாம் பாகம் வர்றதுக்குள்ள பேர்லயே சண்டை. 2004-ல் மோனோலித்தை வார்னர் வாங்கிவிட்டது. ஆனால் முதல் பாகத்தை வெளியிட்டது விவெண்டி. கதையும் ஆல்மாவும் ஒரு பக்கம் போக, ‘ஃபியர்’ என்ற பெயர் மட்டும் விவெண்டியிடம் நின்றது. அவர்கள் வேறொரு ஸ்டூடியோவை வைத்து 2006-லும் 2007-லும் இரண்டு துணைப் பாகங்கள் இறக்கினார்கள். மோனோலித்தோ சொந்தக் கதைக்கே பேர் இல்லாமல் ரசிகர்களிடம் போட்டி வைத்து ‘ப்ராஜெக்ட் ஆரிஜின்’ என்று ஒரு பேரைத் தேர்ந்தெடுத்தது. 2008 செப்டம்பரில் பழைய பெயர் திரும்பக் கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். விவெண்டி செய்த துணைப் பாகங்களில் நடந்ததெல்லாம் கணக்கில் வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு இது புதுசா தெரியல. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆச்சு. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரிச்சாங்க. 2002-ல் திரும்பச் சேர்த்தாங்க. 2007 நவம்பரில் மறுபடி பிரிச்சாங்க. எங்க மாமா வீட்டு ரேஷன் கார்டுல மாவட்டத்தின் பேரு எப்பவும் ஒரு அடி பின்னாடிதான் வந்துக்கிட்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2009 பிப்ரவரியில் ‘ஃபியர் 2’ வெளியானது, கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3-க்கும் ஒரே நேரத்தில். முதல் பாகத்தில் ஒரு வசதி இருந்தது: எந்த இடத்தில் நின்றாலும் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் ஆட்டம் அங்கேயே சேவ் ஆகிவிடும். கம்ப்யூட்டர் ஷூட்டர் ஆடுறவங்களுக்கு மூச்சு விடுற மாதிரி பழக்கம் அது. கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு அமுக்கு, திறந்த பிறகு ஒரு அமுக்கு. இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கேமே தனக்குத் தோன்றிய இடத்தில் ‘செக்பாயிண்ட்’ போடும். அதற்கு நடுவில் செத்தாலோ நிறுத்தினாலோ பழைய செக்பாயிண்ட்டுக்குத்தான் போகணும்.

இது டிவி முன்னால் உட்கார்ந்து ஆடும் கன்சோல்களின் பழக்கம் என்று கம்ப்யூட்டர்காரர்கள் திட்டினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பேய் விளையாட்டுக்கு சேவ் எப்பவுமே ஒரு வம்புதான். நினைச்ச இடத்தில் சேவ் பண்ண முடிஞ்சா பயம் எங்கே இருந்து வரும்? 1996-ல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில் சேவ் பண்ண ஒரு டைப்ரைட்டரைக் கண்டுபிடிக்கணும், அதுக்கு ரிப்பனும் கையில் இருக்கணும். ரிப்பன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1999-ல் வந்த முதல் ‘ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்’ கட்டத்தின் நடுவில் சேவ் பண்ணவே விடவில்லை. ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு கணக்காகச் சில சேவ்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இழக்கிறதுக்குக் கையில் ஏதாவது இருக்கிறவனுக்குத்தான் பயம். கணக்கு சரிதான். ஆனா அந்தக் கணக்குக்குள்ள கரண்ட் போறது இல்ல.

2008-லேயே தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆரம்பித்துவிட்டது. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த 2009 கோடையில் எங்க பக்கம் பகலில் முறை வைத்து நிறுத்தினார்கள். சென்டரில் பத்து கம்ப்யூட்டர், மணிக்கு 15 ரூபாய். நோட்டில் பேரும் அடையாள அட்டை நம்பரும் எழுதணும். எட்டு சீட்டில் கவுண்டர் ஸ்ட்ரைக், ஒன்றில் எப்பவும் யாராவது ரிசல்ட் பார்ப்பார்கள், மூலைக் கம்ப்யூட்டரில் நான். டிஸ்க் திருட்டு டிஸ்க்தான், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. யுபிஎஸ் இருந்தது, ஆனா அது அண்ணனோட கம்ப்யூட்டருக்கும் ஒரு லைட்டுக்கும் மட்டும்தான் தாங்கும்.

கேமில் நடுவே ஒரு பள்ளிக்கூடம் வரும். வேட் எலிமென்டரி ஸ்கூல். அர்மசாம் என்ற கம்பெனி, மனசக்தி உள்ள குழந்தைகளைக் கண்டுபிடிக்கவே கட்டி நடத்தின பள்ளி. சுவரெல்லாம் பிள்ளைகள் வரைஞ்ச படம், ஆளில்லாத வகுப்பறைகள், மினுக்கி மினுக்கி அணையும் டார்ச். முதல் தடவை அந்த வராந்தாவில் நடந்தப்போ எனக்குக் கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பாதி வராந்தாவில் திரை கறுப்பானது. ஃபேன் நின்றது. ஹெட்போனில் சத்தமே இல்லை. ஏதோ ஆல்மா வேலைன்னு நினைச்சு நான் கத்திட்டேன். பின்னாலிருந்து அண்ணன், “தம்பி, கரண்ட்டுப்பா. பன்னிரண்டு மணிக்கு மேல வா” என்றார்.

பன்னிரண்டுக்குப் போனால் முந்தின செக்பாயிண்ட். மறுபடி அதே வராந்தா, அதே படம், அதே இடத்தில் அதே நிழல். மூன்றாவது தடவை ஆடும்போது நிழல் வர்றதுக்கு முன்னாடியே நான் திரும்பி நின்னு காத்திருந்தேன். பயம் போச்சு. கோபம்தான் இருந்தது.

அரியலூர் மாமா பையன் ஒரு வழி சொன்னான். “மாப்ள, உங்க ஊர்ல கட்டாகுற நேரத்துல எங்க ஊர்ல கரண்ட் இருக்குடா.” சேவ் கோப்புகளை பென் டிரைவில் காப்பி பண்ணிக்கிட்டு, சுண்ணாம்புக்கல் லாரிகள் போட்ட புழுதிக்குள்ளே பஸ்ஸில் அரியலூர் போய் அங்கே ஒரு சென்டரில் ஆடினோம். நாலு நாள் ஓடிச்சு. அஞ்சாம் நாள் முறையை மாத்திட்டாங்க, ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்தில் இருட்டு.

அந்த மார்ச் மாதம்தான் ‘யாவரும் நலம்’ படமும் வந்திருந்தது. தியேட்டரில் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, ஒரு நிமிஷத்தில் படம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சினிமாப் பேய்க்கு டீசல் இருந்தது, என் பேய்க்கு இல்லை.

இதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தா அப்பாவுக்குப் புரிஞ்சிருக்கும்னு இப்போ தோணுது. எங்க நிலம் குன்னம் பக்கம். கிணற்றுப் பாசனம், பருத்தியும் சின்ன வெங்காயமும். மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வேணும், அது பகலில் கொஞ்ச நேரம், ராத்திரியில் கொஞ்ச நேரம். மோட்டார் போட்டதும் தண்ணீர் பயிருக்குப் போயிடாது. முதலில் வாய்க்கால் குடிக்கும். வாய்க்கால் நனைஞ்சு நிறைஞ்ச பிறகுதான் பாத்திக்குப் பாத்தி மடை மாத்தி விடணும். பாதியில் கரண்ட் போனால் அடுத்த தடவை முதலிலிருந்து வாய்க்காலை நனைக்கணும். கடைமடைப் பாத்திக்குப் போறதுக்குள்ள மறுபடி கட். அப்பா அந்தக் கடைசி நாலு பாத்தியைப் பத்திப் பேசாத நாளே கிடையாது.

2012-ல் நிலைமை உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. பெரம்பலூர் சென்டர் அதற்கு முன்பே ஜெராக்ஸ் கடையாக மாறியிருந்தது. ஆனா என்கிட்ட ஒரு புதுப் பொருள் வந்திருந்தது. பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். அந்தத் திட்டத்தைப் பத்தி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். எனக்கு அது பேட்டரி உள்ள கம்ப்யூட்டர், அவ்வளவுதான். படத்தின் தரத்தையெல்லாம் கீழே இறக்கி வச்சா ‘ஃபியர் 2’ திணறித் திணறி ஓடியது.

ஊரே இருட்டில் கிடக்க, ஃபேன் சத்தம்கூட இல்லாத வீட்டில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி நுழைந்தேன். மூணு வருஷ இடைவெளி பழக்கத்தை அழிச்சிருந்தது. பயம் திரும்ப வந்தது. இந்தத் தடவை கதையும் புரிந்தது. ஆல்மாவை எட்டு வயசில் பெற்ற அப்பாவே சோதனைக்காக அடைத்து வைக்கிறான், மயக்கத்திலேயே வைத்துப் பிள்ளை பெற வைக்கிறார்கள், கடைசியில் உயிர்க்கருவியை நிறுத்திக் கொல்கிறார்கள். அநியாயமாகச் செத்த பெண் திரும்பி வருவது பழையனூர் நீலி கதை கேட்டு வளர்ந்தவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா நீலிக்கு நம்ம கதை ஒரு நியாயம் வச்சிருக்கு. மோனோலித் அதைச் செய்யல. தனக்கு நடந்த அதே கொடுமையை ஆல்மா ஹீரோவுக்குச் செய்வதாக முடித்தார்கள். அந்த முடிவு எனக்கு இன்னைக்கும் பிடிக்கல. அதிர்ச்சி கொடுக்க நினைச்சு, அதுவரைக்கும் அவள் மேல் சேர்த்து வைத்த இரக்கத்தை வீணாக்கிட்டாங்க.

முடிவுக்கு முன்னால் ஒரு ராத்திரியைச் சொல்லணும். ஐப்பசி மாசம், அந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு. பதினோரு மணிக்கு த்ரீ ஃபேஸ் வரும்னு அப்பா டார்ச்சோடு காட்டுக்குப் போயிருந்தார். நான் வராந்தாவைத் தாண்டி, அடுத்த செக்பாயிண்ட்டைத் தேடிப் போய்க்கிட்டிருந்தேன். பேட்டரி முப்பது சதவீதம். வாசலில் செருப்புச் சத்தம். திரும்பவே பயமா இருந்தது.

“தம்பி, அந்தப் பொட்டிய இப்படிக் கொண்டா. டார்ச்சு செத்துப் போச்சு. கால்ல என்னமோ குத்திருச்சு.”

காட்டில் ராத்திரி காலில் குத்தினால் எங்க ஊர்ல முதல்ல என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். லேப்டாப்பைத் தூக்கி அவர் காலுக்கு நேரா பிடிச்சேன். ஒண்ணும் தெரியல. திரையில இருந்ததே இருட்டு வராந்தாதானே, வெளிச்சம் எங்கே இருந்து வரும்? கேமைச் சின்னதாக்கப் பார்த்தால் மெஷின் திணறி நின்னுடுச்சு. அப்படியே முழுசா மூடினேன். வெறும் நோட்பேடைத் திறந்து, வெள்ளைத் திரையை அவர் பாதத்துக்குக் கிட்டே கொண்டு போனேன்.

கருவேல முள். ஒரு இன்ச் நீளம்.

அப்பா முள்ளைப் பிடுங்கிப் போட்டுட்டு, “கடைசிப் பாத்தி வரைக்கும் பாஞ்சிருச்சு இன்னைக்கு” என்றார். நான் கேமைத் திரும்பப் போட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்றது.

அடுத்த எபிசோடில் ரஞ்சன்குடி கோட்டை, நிச்சயம்.