கல்லீரல் தழும்பைக் காட்டும் இரத்தக் குறியீடுகள்: சிகிச்சைக்குப் பின் புரிந்துகொள்வது எப்படி?

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி அல்லது சி தொற்றுக்குச் சிகிச்சை பெறுவோரின் மருத்துவக் குறிப்பில் ‘ஃபிப்-4’ என்னும் எண் இடம்பெறுவதுண்டு. நெடுநாள் அழற்சியால் கல்லீரலில் படிந்த தழும்பை, ஊசியால் திசு எடுக்காமலேயே மதிப்பிட உதவும் குறியீடு இது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரு நொதிகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, உங்கள் வயது ஆகியவற்றைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது.

சிகிச்சைக்கு முன், ஹெபடைடிஸ் சி உள்ளவருக்கு இது 1.45-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு, 3.25-ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்குப் பின் இந்த அளவுகோலை அப்படியே பொருத்திப் பார்க்கலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு: 50 வயதுடைய ஒருவருக்குச் சிகிச்சைக்கு முன் எஸ்.ஜி.ஓ.டி. 90, எஸ்.ஜி.பி.டி. 100, தட்டணுக்கள் 1.25 இலட்சம் எனில் ஃபிப்-4 மதிப்பு 3.6. பன்னிரண்டு வார மாத்திரைகளுக்குப் பின் நொதிகள் முறையே 30, 36 எனக் குறைந்து, தட்டணுக்கள் மாறாதிருந்தால் மதிப்பு 2.0 ஆகிவிடும். தணிந்தது அழற்சி, தழும்பு அவ்வளவு விரைவில் கரைவதில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு முழுமையாக மறைவதுமில்லை. எனவே எண் குறைந்தது நற்செய்தியே எனினும், தட்டணுக்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்கள். தழும்பு முற்றும்போது மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தேக்கிக்கொள்வதால், அவை தொடர்ந்து குறைவாக இருப்பது கவனிக்கத்தக்கது.

எண் திடீரென உயர்ந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்து நொதிகள் கூடுவதால், ஃபிப்-4 பன்மடங்கு உயரலாம். நலமடைந்த பின் மீண்டும் பரிசோதிப்பதே முறை. மது அருந்துவதும் எஸ்.ஜி.ஓ.டி.யை உயர்த்தும்; இதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் கண்டறியப்பட்டிருந்தால், இரத்தக் குறியீடு எவ்வளவு சீராக இருப்பினும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வைரஸ் நீங்கிய பின்னரும் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு எஞ்சியிருப்பதே காரணம். ஹெபடைடிஸ் பி-க்கு மாத்திரை உட்கொள்வோர், அறிக்கை நன்றாக உள்ளதெனத் தாமாகவே நிறுத்தக் கூடாது. வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் செயலிழக்கவும் நேரிடலாம். 2018-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், அதற்குரிய அரசு சிகிச்சை மையங்களில் இம்மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன.

ஒவ்வொரு முறையும் சிகிச்சைக்கு முந்தைய அறிக்கையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இரத்த வாந்தி, கருநிற மலம், வயிறு வீக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.