சாவி கொடுத்த கைக்கடிகாரம்

பெண்ணாடம் கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு முழ அகலமே உள்ள கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு எந்நேரமும் குனிந்திருப்பார். நாம் குருப்பட்டம் பெற்ற நாளில் தாய்மாமன் நம் கையில் கட்டிவிட்ட எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் சென்ற தவக்காலத்தில் நின்றுபோனது. அதை அவரிடம் கொடுத்தோம். திறந்து பார்த்தவர், "சாமி, இதுக்கு இப்ப கிராக்கி. சேர்த்து வைக்கிறவங்க ஊர் ஊராத் தேடி வர்றாங்க" என்றார்.

இரவு மன்றாட்டு முடிந்ததும் சாவி கொடுத்து மேசைமேல் வைக்கும் எளிய பொருள் அது. அதைச் செல்வர்கள் தேடுகிறார்கள் என்ற செய்தி நம்மைப் பழைய ஏடுகளின் பக்கம் திருப்பியது.

காலத்தை அளக்கும் பொறியின் மீது முதலில் ஆர்வம் கொண்டோருள் துறவியரும் உண்டு. நள்ளிரவிலும் விடியலிலும் திருப்புகழ் பாட எழுந்தாக வேண்டியவர்களுக்கு மணி தேவைப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புனித ஆல்பன் மடத்து அதிபராயிருந்த வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு, விண்மீன்களின் போக்கையும் காட்டும் பெருங்கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். கடிகாரம் அன்று ஊருக்குப் பொது. மணியோசையைக் கேட்கக் காசு வேண்டியதில்லை.

அது தனியொருவரின் அணிகலனாக வளர்ந்த கதையில் ஒரு முரண் உண்டு. ஜெனீவா நகரில் 1541இல் சீர்திருத்தச் சட்டங்களைக் கொணர்ந்த ஜான் கால்வின், ஆடம்பர நகைகளை அணிவதைத் தடை செய்தார். பிழைப்பிழந்த பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினர். பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த கைவினைஞரும் அவர்களோடு சேர்ந்தனர். கடிகாரம் பயன்படு பொருளாயிற்றே, அதைத் தடுப்பாரில்லை! 1601இல் அந்நகரில் கடிகாரக் கைவினைஞர் சங்கம் அமைந்தது. ஆடம்பரத்துக்கு இட்ட தடையே உலகின் ஆடம்பரக் கடிகாரங்களுக்குத் தொட்டிலாயிற்று. (அதே 1601இல்தான் இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி சீனப் பேரரசருக்கு மணியடிக்கும் கடிகாரங்களைப் பரிசளித்துப் பெய்சிங்கில் தங்க இடம் பெற்றார். நம்மவரும் அப்பொருளின் கவர்ச்சியை அறிந்தே இருந்தனர்.)

இரு நூற்றாண்டுகள் கழித்து, பாரிஸில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே, 1801இல் 'டூர்பியோன்' என்னும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். சட்டைப்பையில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்தில், ஊசலாடும் சக்கரத்தைப் புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுப்பதால் நேரம் பிசகும். அவர் அச்சக்கரத்தை அதன் துணை உறுப்புகளோடு ஒரு சிறு கூண்டில் வைத்து, அக்கூண்டையே சுழலவிட்டார். எல்லாத் திசையிலும் திரும்புவதால் பிழை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் கையசைவோடு தானே திரும்பிக்கொண்டிருப்பதால் அங்கே இதற்கு அவ்வளவு தேவையில்லை. ஆயினும் அந்தச் சுழலும் கூண்டின் அழகுக்காக இன்றும் பெரும்பொருள் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டின் கதை வேறு. 1961இல் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பின்னர் தும்கூர், சிறிநகர், இராணிபாக் என்று கிளை விரிந்தது. மாப்பிள்ளைக்குச் சீர், தேர்ச்சி பெற்ற பிள்ளைக்குப் பரிசு, ஓய்வு பெறுபவருக்கு நினைவுப் பொருள் என எல்லாமே எச்.எம்.டி.தான். அதன் முகத்தில் '17 ஜுவல்ஸ்' என்று பொறித்திருப்பதைப் படித்துவிட்டு, உள்ளே இரத்தினம் இருக்கிறதென்று எம் ஊர்ப் பெரியவர்கள் பெருமை கொள்வதுண்டு. அது பொய்யுமன்று. தேய்மானத்தைத் தடுக்க அச்சுகளின் முனையில் பதிக்கும் செயற்கை மாணிக்கங்கள் அவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுய் அவற்றை உலையில் விளைவிக்கும் முறையைக் கண்ட பின்பே, ஏழையின் கடிகாரத்துக்கும் மாணிக்கம் கிட்டியது.

1969ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. சுருள்வில்லும் சாவியும் வேண்டாம்; ஒரு மின்கலமும் படிகத்துண்டும் போதும். அதன் துல்லியத்துக்கு முன் எந்தப் பொறிக் கடிகாரமும் நிற்க இயலவில்லை. சுமார் 90,000 பேர் உழைத்த சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். தப்பிப் பிழைத்த தொழிலகங்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டன: தேவையற்றுப் போன பொருளுக்கு அதன் அருமையே விலையாகும். நூறு செய், அல்லது பத்தே செய், ஒவ்வொன்றிலும் எண்ணைப் பொறி, கையால் மெருகேற்று. புதிய பொருள்களும் புகுந்தன. 1986இல் ராடோ நிறுவனம் உயர்தொழில்நுட்பச் செராமிக்கில் கைக்கடிகாரம் செய்தது. தூளை அச்சிலிட்டுச் சூளையில் சுடும் அவ்வேலையின் அடிப்படை, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை சுடும் நம் மக்களுக்குப் புதிதன்று.

தமிழகத்துக்கு இதில் இரட்டைப் பங்குண்டு. டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் டைட்டனை நிறுவின. ஒசூர் ஆலையில் கிராமப்புறப் பள்ளிகளிலிருந்து வந்த இளைஞரும் இளம்பெண்களும் பயிற்சி பெற்றுக் கடிகாரம் கோத்தனர். அங்கே செய்த குவார்ட்ஸ் கடிகாரங்களின் முன் எச்.எம்.டி. தளர்ந்தது, 2016 ஜனவரியில் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் அதே டைட்டன் நிறுவனம், தன் நாற்பதாம் ஆண்டையொட்டி 2025இல் 'ஜல்சா' என்னும் பொற்கடிகாரத்தை வெளியிட்டது. அதனுள் சொந்தமாக உருவாக்கிய டூர்பியோன். முகப்பில், பளிங்கின் மேல் பத்மஸ்ரீ ஷாகிர் அலி தீட்டிய ஜெய்ப்பூர்ச் சிற்றோவியம். மொத்தம் 10 கடிகாரங்கள். ஒன்றின் விலை 40 இலட்ச ரூபாய்க்கு மேல்.

தொகையைக் கேட்டதும் நமக்குள் எழுந்தது கண்டனமே. மறுகணம் பெத்தானியா வீட்டு நறுமணத் தைலம் நினைவுக்கு வந்தது. 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அங்கே கணக்குப் பார்த்தவன் யாரென்பதை அறிவோம். கைத்திறன் பிழைக்க வேண்டுமானால் அதற்குப் பொருள் கொடுப்பாரும் வேண்டும். ஒசூரின் விரல்கள் பிரெகேயின் கூண்டைச் சுழலவைத்தன என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. நம்மை உறுத்துவது விலையன்று. ஜனதாவைத் திறக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு கடைவீதியிலும் இருந்தார். அந்த அறிவு ஊர்ச் சொத்தாக இருந்தது. பத்துப் பேருக்காகச் செய்யப்பட்ட கடிகாரம் எந்தக் கடைவீதிக்கும் வரப்போவதில்லை.

ஒரு வாரம் கழித்துச் சென்றோம். ஓடாத வேறொரு ஜனதாவைப் பிரித்து, அதன் சுருள்வில்லை நமதில் பொருத்தியிருந்தார் முதியவர். காதருகே வைத்துக் கேட்கச் சொன்னார், ஓடிக்கொண்டிருந்தது. தொழிலைப் பிள்ளைக்குப் பழக்கினீர்களா என்று வினவினோம்.

"அவன் செல்போன் கடை வச்சிருக்கான் சாமி" என்றவர், கூலியாக 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்த கடிகாரத்தின் மேல் குனிந்தார்.