குளிரை விரும்பும் மதுவங்களும் வெயில் ஊர்க்காரரும்

நாவற்குடாவில் குளிர் எண்டா மார்கழி, தை மாதத்து விடியற்காலைதான். மழை விட்ட பிறகு வாவிப் பக்கமிருந்து ஒரு காத்து வரும். அதுக்கு ஒரு போர்வை போதும். இப்படியான ஊரில் இருந்துகொண்டு உறைபனியில் வாழும் மதுவங்களின் கதையை நாங்கள் ஏன் எழுத வேண்டும்? மதுவம், அதாவது பேக்கரிக்காரர் ஈஸ்ட் எண்டு சொல்றது, எங்களுக்கு அந்நியமில்லை. அப்பத்துக்குக் கரைச்ச மாவில் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கும்போது வேலை செய்யிறது அதுதான். ஆனா கள்ளில் இருப்பது வெக்கையில் வளர்கிற இனம். குளிரில் வளர்கிற இனங்களுக்கு வேறொரு வரலாறு இருக்கு. யார் தேடினார்கள், யார் எழுதி வைத்தார்கள், யார் விற்றார்கள் என்பதன் வரலாறு அது.

அது பியரில் தொடங்குது. கோடையில் காய்ச்சிய பியர் கெட்டுப்போனதால், 1553இல் பவேரியாவில் கோடை மாதங்களில் பியர் காய்ச்சவே தடை வந்தது. குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சக் காய்ச்ச, குளிருக்கு ஈடுகொடுக்கும் மதுவங்களே நிலைத்தன. லாகர் பியர் அவற்றின் வேலைதான். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் மதுவத்தைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அது ஒரு கலப்பினம். அதுக்குக் குளிர் தாங்கும் குணத்தைக் கொடுத்த மூதாதை எது எண்டு 2011 வரை தெரியாது. கடைசியில் ஆர்ஜென்டினாவின் பட்டகோனியக் காட்டு மரங்களில் அது அகப்பட்டது. இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டில் பியர் ஆலை போய் நின்ற இடம் நுவரெலியாதான். எங்கட தீவில் குளிர் இருந்த இடம் அதுதானே.

குளிரில் இந்த நுண்ணங்கிகள் எப்படிப் பிழைக்குது? பதில் அவற்றின் நொதியங்களில் இருக்கு. நொதியம் எண்டது உயிருக்குள் நடக்கும் இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதம். சாதாரண நொதியம் கடும் குளிரில் மந்தமாகிவிடும். குளிர்வாழ் நொதியத்தின் மூலக்கூறு இளக்கமானது. பூச்சியப் பாகைக்குப் பக்கத்திலும் அசைந்து வேலை செய்யும். அந்த இளக்கத்தாலேயே சூட்டில் சீக்கிரம் குலைந்தும் போகும். கைத்தொழிலுக்கு இரண்டுமே இலாபம். தண்ணியைச் சூடாக்காமல் உடுப்புத் தோய்க்கலாம். பழச்சாற்றை வாசம் கெடாமல் தெளிய வைக்கலாம். வேலை முடிந்ததும் கொஞ்சம் சூடாக்கி நொதியத்தை நிறுத்தலாம்.

இந்தக் கதையில் பேர்போன இடம் அந்தாட்டிக்காவின் வண்டா ஏரி. பனிக்கட்டி மூடிய அந்த ஏரியின் அடிச்சேற்றில் இருந்து எடுத்த ஒரு மதுவத்தை 1969இல் யப்பானிய ஆய்வாளர்கள் விபரித்தார்கள். கன்டிடா அந்தாட்டிக்கா என்ற பெயரில் அது பிரபலமானது. கொழுப்பை உடைக்கும் அதன் லிப்பேஸ் நொதியத்தை டென்மார்க்கின் நோவோ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவெண்டா, அந்த நொதியம் 60 பாகை செல்சியஸ் அளவிலும் தாக்குப்பிடிக்கும். பனியில் பிறந்ததெல்லாம் சூட்டுக்குப் பயந்ததில்லை. இண்டைக்கு அதுக்காக யாரும் ஏரிக்குப் போறதில்லை; அதன் மரபணுவை வேறொரு பங்கசுக்குள் வைத்து உற்பத்தி செய்கிறார்கள். மருந்து, அழகுசாதனப் பொருள் எண்டு பல தொழில்களில் அது இருக்கு.

இதெல்லாம் குளிர்நாட்டுக்காரர் வேலை எண்டு நினைச்சா, ஹைதராபாத்தைப் பாருங்க. எங்களைப் போலவே வெயிலில் காயும் ஊர். 1982 ஜனவரியில் இந்தியாவின் முதல் குழு அந்தாட்டிக்காவில் இறங்கியது. அடுத்தடுத்த பயணங்களில் கொண்டுவந்த மண்ணை ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தில் எம். கே. ரே, எஸ். சிவாஜி போன்றோர் ஆராய்ந்தார்கள். ஷிர்மாக்கர் பாலைச்சோலையின் மதுவங்களைப் பற்றி 1989இல் எழுதினார்கள். 1992இல் கன்டிடா ஹியூமிகோலா என்ற அந்தாட்டிக்க மதுவம் சுரக்கும், புரதத்தை உடைக்கும் நொதியத்தைப் பற்றி எழுதினார்கள். குளிரில்தான் அந்த மதுவம் நொதியத்தைக் கூடுதலாகச் சுரந்தது. இந்த அறிவுக்குத் தேவைப்பட்டது குளிரான ஊர் இல்லை. ஆய்வுகூடமும், நிதியும், விடாத ஆர்வமும்தான்.

இனி இலாபக் கணக்கு. 12 நாடுகள் 1959இல் கையெழுத்திட்ட அந்தாட்டிக்க ஒப்பந்தம் விஞ்ஞானத் தகவல்களைப் பகிரச் சொல்லுது. நுண்ணங்கிகளில் இருந்து வரும் இலாபத்தைப் பகிர்வது பற்றி அதில் ஒண்டுமில்லை. ஆனா ஒரு நாட்டுக்குள் இருக்கும் உயிர் வளங்கள் அந்த நாட்டின் உரிமை எண்டு 1992இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம் சொல்லுது. அப்படிப் பார்த்தா, வண்டா ஏரிச் சேற்றுக்கு இல்லாத காவல் எங்கட கள்ளு முட்டிக்கு இருக்கு. ஆனா ஒரு பொருளில் என்ன இருக்கு எண்டு தெரியாதவருக்கு உரிமை கடதாசியில் மட்டும்தான்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினா கள்ளு புளிக்காது எண்டு மரமேறும் தொழிலாளிக்குத் தெரியும். மதுவத்தை அடக்கத் தெரிந்த அறிவு அது. அவர்களுக்கு இப்படி இன்னும் எவ்வளவோ தெரிஞ்சிருக்கும். வந்தாறுமூலையில் கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கு. கேட்டு எழுதுற வேலையை நாங்கள் எடுக்கிறம். நுணுக்குக்காட்டி அவங்களிட்ட இருக்கு.