'கூலி': ஊதியப் பெயர் ஆட்பெயரான வரலாறு

முன்னுரை

ஊதியத்தைக் குறித்த தமிழ்ச் சொல்லான 'கூலி', பிற மொழிகளில் ஊதியம் பெறுவோரின் பெயராக வழங்குகிறது. இம்மாற்றம் பற்றிய ஆய்வில் மும்பையின் தாராவிக்கும் இடமுண்டு.

சொல்லும் பொருளும்

ஆள்வினையுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்றில் (619) கூலி என்பது உடல் வருந்திய முயற்சிக்குரிய பயனைக் குறிக்கிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் ஊதியப் பொருளில் வழங்குவதால் இதனைத் திராவிடப் பொதுச்சொல் எனலாம். நாட்கூலி, செய்கூலி, வண்டிக்கூலி என்னும் தொடர்களில் கூலி என்பது கொடுக்கப்படும் பொருளே. ஆளைச் சுட்ட, கூலியாள், கூலிக்காரர் என ஆக்கம் பெறுதல் மரபு.

கோலியும் கூலியும்

யூல், பர்னல் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886), ஆங்கில வழக்கிலுள்ள இச்சொல்லை மேற்கிந்தியக் கோலி இனப்பெயரோடு தொடர்புபடுத்துகிறது. தமிழ்க் 'கூலி'யையும் சுட்டுகிறது. பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக 1909ஆம் ஆண்டு கெசட்டியர் தாராவியைக் குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதித் தமிழர் அங்குக் குடியேறித் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். இவ்வாறு, இச்சொல்லின் மூலமாகக் கருதப்படும் இரு பெயர்களுக்கும் உரியோர் ஓரிடத்தில் வாழலாயினர். கோலியர் மீன்பிடித் தொழிலர். அவர்தம் இனப்பெயரில் ஊதியப் பொருள் இல்லை. ஊகார ஒலி, ஊதியப் பொருள் ஆகிய இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கே நெருக்கமானவை. ஊதியத்தின் பெயர் அதனைப் பெறுவோர்க்கு ஆகிவந்ததை ஆகுபெயர் எனக் கொள்ளலாம். எனினும் இனப்பெயரின் ஒலியொப்புமை இம்மாற்றத்திற்குத் துணைபுரிந்திருத்தல் கூடும்.

இழிவும் மீட்பும்

1834 முதல் மொரிசியசுக்கும் 1860 முதல் நேட்டாலுக்கும் இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்டபோது இவ்வாட்பெயர் பரவியது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். வழக்கறிஞரையும் அப்பெயரால் அழைத்தமை, சொல் ஊதியத்தை முற்றும் இழந்து இன இழிவுச் சொல்லானதைக் காட்டுகிறது. இவ்விழிபொருள் பின்னர்த் தமிழுக்கும் திரும்பியது.

மும்பைச் சுமைதூக்குவோர் உள்ளிட்டோருக்காக 1969இல் இயற்றப்பட்ட மகாராட்டிரச் சட்டம் 'மாத்தாடி', 'ஹமால்' என்னும் தொழிற்பெயர்களையே தலைப்பில் கொண்டது. ரயில் நிலையச் சுமைதூக்குவோரை 'சகாயக்' என அழைக்கும் அறிவிப்பு 2016ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது.

முடிவுரை

கூலி என்னும் சொல்லின் பழம்பொருளில் உழைத்தவரின் உரிமையும் கொடுப்பவரின் கடமையும் அடங்கியுள்ளன. அது ஆட்பெயரானபோது கொடுப்பவரின் கடமை மறைந்து, பெறுபவரின் தாழ்வு மட்டுமே எஞ்சியது. ஆட்பெயரை விலக்குவதோடு, பழம்பொருளை நினைவூட்டுவதும் சொல்லாய்வின் பணியாகும்.